களத்துமேட்டில் கிடைக்காத ரசீது

1952 ஆகஸ்டில் ராஜாஜியின் அரசு தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்று தனியாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டே அது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஆனது. கம்யூனிஸ்டுகளே தமக்கு முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்ன முதலமைச்சர், அந்தக் கம்யூனிஸ்டுகள் கட்டிய விவசாயிகள் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்ததில் ஒரு பகுதியைத் தம் ஆட்சியிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. ஐந்தாண்டுக்கு அவரை நிலத்தை விட்டு எழுப்பக் கூடாது. பண்ணையாளை நினைத்தபோது விலக்கக் கூடாது. இவற்றைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் இன்னொரு பாதியைப் பற்றித்தான் பேச்சு குறைவு. மிராசுதாருக்கும் சாகுபடி செய்பவருக்கும் தகராறு வந்தால் முன்சீப் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை, அரசு நியமிக்கும் சமரச அலுவலர் விசாரிப்பார், அதற்கு மேல் வருவாய் நீதிமன்றம் இருக்கும் என்றது அது. பங்கு எவ்வளவு என்பதோடு, அந்தப் பங்குக்காக எங்கே போய் நிற்பது என்பதையும் சட்டம் சொன்னது.

அப்படி ஓர் இடம் ஏன் தேவைப்பட்டது என்பதை டெல்டாவின் பயிர்க் கணக்கை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஆனியில் மேட்டூர் திறந்தால் குறுவை, ஆவணியில் சம்பா நாற்று, குறுவை அறுத்த வயலில் தாளடி, தை மாசியில் அறுவடை. குத்தகைதாரரை வெளியேற்றுவது பெரும்பாலும் மாசிக்கும் ஆனிக்கும் நடுவிலுள்ள வெறும் வயல் காலத்தில் நடக்கும். ஆற்றில் தண்ணீர் வந்து, இன்னொருவர் அந்த வயலில் நட்டு முடித்துவிட்டால் அதன்பிறகு வரும் தீர்ப்பு வெறும் காகிதம். உரிமையியல் நீதிமன்றத்தில் வாய்தா மேல் வாய்தாவாக ஓடும் ஆண்டுகளில் எத்தனை போகம் கடந்துபோகும்! அருகிலேயே இருக்கும், ஊர் நிலம் தெரிந்த, வேகமாக முடிவெடுக்கக்கூடிய ஓர் அதிகாரி வேண்டும் என்ற யோசனை அதனால் நியாயமானது. இன்று வருவாய் நீதிமன்றங்களைக் குறை சொல்பவர்கள் இந்தத் தொடக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டையும் அப்போதே இருந்தது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது சுமார் ஆறே முக்கால் ஏக்கர் அளவுக்கு, உட்பட்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு 1952 சட்டம் பொருந்தவில்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதினால் பெரிய மிராசு பல சின்ன மிராசுகளாகிவிடும். பண்ணையாளை வைத்துக்கொண்டால்தானே கேள்வி, நாள்கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாமே என்று பலர் முடிவு செய்தார்கள். பாதுகாக்க வந்த சட்டமே பண்ணையாள் முறை கரைந்துபோவதை வேகப்படுத்தியது. அது நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. சாணிப்பாலும் சவுக்கடியும் அந்த முறையோடு சேர்ந்தவை. ஆனால் ஆண்டு முழுவதற்குமான பிழைப்பும் அதோடுதான் போனது.

1955-இல் வந்த சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை அனுபவத்தை மாநிலம் முழுமைக்கும் கொண்டுசென்றது. நிலத்தை விட்டு எழுப்ப வேண்டுமானால் நிலச் சொந்தக்காரர் கோட்டாட்சியரிடம் மனுப்போட்டு உத்தரவு வாங்க வேண்டும். சட்டம் கோட்டாட்சியருக்கு ஒதுக்கிய எதிலும் உரிமையியல் நீதிமன்றம் தலையிடக் கூடாது. அடுத்த ஆண்டு நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. நன்செய்க்கு மொத்த விளைச்சலில் 40 சதவீதத்துக்கு மேல் குத்தகை வாங்கக் கூடாது என்றது. பின்னால் அது 25 சதவீதமாகக் குறைந்தது. வழக்குகள் பெருகவே, கோட்டாட்சியர்களின் அன்றாட வேலையிலிருந்து இதைப் பிரித்து, தனித் துணை ஆட்சியர்களின் கீழ் வருவாய் நீதிமன்றங்கள் அமைந்தன. திருச்சி, தஞ்சை, மயிலாடுதுறை என்று காவிரி ஓடும் வழியெல்லாம் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம்.

1955 சட்டத்தில் ஒரு பிரிவு எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. குத்தகை பாக்கிக்காக ஒருவரை வெளியேற்றக் கோரும் மனு வந்தால், பாக்கி இருக்கிறது என்று தெரிந்தவுடனே அதிகாரி வெளியேற்றிவிட வேண்டும் என்று அது சொல்லவில்லை. நிலச் சொந்தக்காரரின் நிலைமை எப்படி, சாகுபடிக்காரரின் நிலைமை எப்படி என்று இரண்டையும் ஒப்புநோக்கி, பாக்கியைக் கட்ட நியாயமான அவகாசம் கொடுக்கலாம் என்கிறது. இரண்டு தரப்பையும் வெறும் ஒப்பந்தக்காரர்களாகப் பார்க்காமல், ஒருவருக்கு இது சென்னையில் இருந்தபடி வாங்கும் வருமானம், இன்னொருவருக்கு இது அடுப்பு எரியும் அரிசி என்பதைப் பார்க்கும் வழி அது. அல்லது நேர்மாறாகவும் இருக்கலாம்: நிலத்துக்காரர் கணவனை இழந்த ஒரு மூதாட்டி, குத்தகைக்காரர் ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர். அதையும் பார்க்கச் சொல்கிறது சட்டம். ஒரு நிர்வாக அதிகாரியிடம் இவ்வளவு மனிதத்தன்மையான தீர்மானத்தை ஒப்படைத்த சட்டங்கள் அதிகமில்லை.

ஆனால் அந்த மேசைக்கு முன்னால் வருவதற்குள் சாகுபடிக்காரர் கடக்க வேண்டிய படிகள் இருக்கின்றன. தாம் குத்தகைதாரர்தான் என்று முதலில் காட்ட வேண்டும். சட்டத்தின்படி, அடுத்தவர் நிலத்தில் குத்தகை ஒப்பந்தத்தின் பேரில் தாமோ தம் குடும்பத்தாரோ உடல் உழைப்பைச் செலுத்துபவரே சாகுபடிக் குத்தகைதாரர். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டியதில்லை, வாய்மொழியும் போதும், நடத்தையிலிருந்தும் ஊகிக்கலாம். படிக்கும்போது தாராளமாகத்தான் இருக்கிறது. விசாரணையில் அது என்ன ஆகிறது? மிராசுதார் தரப்பு, ‘இவர் குத்தகைதாரரே இல்லை, கூலிக்கு வேலை பார்த்த ஆள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். மறுப்பதற்கு ரசீது வேண்டும், அடங்கலில் பெயர் வேண்டும், வாய்க்கால் வரப்பு தெரிந்த பக்கத்து வயல்காரர் வந்து சாட்சி சொல்ல வேண்டும். பக்கத்து வயல்காரரும் அதே மிராசிடம் குத்தகைக்கு இருப்பவராக இருந்தால் வருவாரா?

ரசீதின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டெல்டாவில் குத்தகை பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது. அறுத்து, கட்டுக் கட்டி, களத்துமேட்டில் அடித்து, தூற்றி, மரக்காலால் அளந்து, கலக் கணக்கில் மூட்டை போகும். அந்த இடத்தில் யாரும் பில் புத்தகம் வைத்திருப்பதில்லை. வண்டியில் ஏறிய நெல்லுக்குச் சாட்சி, அளந்தவரின் வாய்க்கணக்கு. நல்ல உறவு இருந்தவரை அது போதுமானதாக இருந்தது. உறவு கெட்ட அன்று, மூன்று போகமாக நெல்லே வரவில்லை என்று மனு வந்தால் அளந்த நெல்லைத் திரும்ப அளந்து காட்ட முடியாது.

இதற்குச் சட்டமே ஒரு வழியும் வைத்திருந்தது. நிலத்துக்காரர் குத்தகையை வாங்க மறுத்தாலும், வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பார் என்று தோன்றினாலும், நெல்லின் அன்றைய சந்தை மதிப்பைக் குத்தகைதாரர் கோட்டாட்சியர் அலுவலகத்திலேயே கட்டிவிடலாம். கட்டிய பணத்துக்கு அரசு ரசீது. யோசித்துப் பார்த்தால் அற்புதமான ஏற்பாடு. ஆனால் அதைப் பயன்படுத்த, அப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கெடு முடிவதற்குள் மனு எழுத வேண்டும். நெல்லை விற்றுப் பணமாக்க வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டுக் கும்பகோணத்துக்கோ மன்னார்குடிக்கோ போக வேண்டும். எல்லாவற்றையும்விட, அப்படிப் போவதே ஊரில் சண்டைக்கு அறிவிப்பு. நேற்றுவரை வீட்டுக் கல்யாணத்துக்குக் கடன் கேட்ட இடத்தின்மீது இன்று மனுப்போடும் துணிவு, சங்கம் பலமாக இருந்த ஊர்களில் இருந்தது. மற்ற ஊர்களில் இல்லை. கீழத்தஞ்சைக்கும் மேற்கே உள்ள ஊர்களுக்கும் இந்த விஷயத்தில் இருந்த வேறுபாட்டைச் சட்டப் புத்தகத்தை வைத்து விளக்க முடியாது. விவசாயிகள் சங்கத்தைக் கட்டிய கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் தென் கன்னடத்திலிருந்து வந்து நடந்து சுற்றிய ஊர்களை வைத்துத்தான் விளக்க முடியும்.

அறுபதுகளின் கடைசியில் அரசுக்கும் இது புரிந்திருந்தது. 1969-இன் 10-ஆம் சட்டம், வேளாண் நிலங்களின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம், ஊர் ஊராகக் குத்தகைதாரர் பட்டியல் தயாரிக்கச் சொன்னது. பதிவில் பெயர் ஏறிவிட்டால் அது உண்மை என்றே கொள்ளப்படும். தவறு என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஒருவர் குத்தகைதாரரா இல்லையா என்பதைப் பதிவு அதிகாரியே முடிவு செய்வார், உரிமையியல் நீதிமன்றம் அதில் நுழையக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. அதாவது, பதிவேட்டுக்குள் போய்விட்டவருக்குச் சட்டம் பெரிய கேடயம். போக முடியாதவருக்கு அதே சட்டம் பெரிய கதவு, உள்ளிருந்து தாழிட்டது.

அந்தப் பட்டியல் எழுதப்பட்ட நாட்களில் ஊரின் அடங்கலும் சிட்டாவும் யார் கையில் இருந்தன? பரம்பரைக் கணக்குப்பிள்ளையின் கையில். நான் எல்லாக் கணக்குப்பிள்ளைகளையும் பழிக்கவில்லை. நேர்மையான கணக்குக்குப் பெயர்பெற்றவர்கள் உண்டு. ஆனால் அவர் பெரும்பாலும் நிலம் உள்ள சாதியைச் சேர்ந்தவர், பல ஊர்களில் மிராசுதாரின் உறவினர், சில ஊர்களில் தாமே மிராசுதார். வயலில் நிற்பவரின் பெயரை அடங்கலில் எழுதுவதும் விடுவதும் அவருடைய பேனாவில் இருந்தது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டத்தால் இந்தப் பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை ஒரே நாளில் ஒழித்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அது செல்லும் என்றது. தேர்வெழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். நிர்வாக நீதியில் தமிழ்நாடு செய்த பெரிய சீர்திருத்தம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன், நீதிமன்றம் எதையும் திறந்ததை அல்ல. ஆனால் குத்தகைப் பதிவேட்டின் முதல் பட்டியல் அதற்குப் பத்தாண்டு முன்பே தொடங்கிவிட்டது.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரித்துக் கொல்லப்பட்டார்கள். பின்னணியில் இருந்தது கூலி நெல் தகராறு. அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கணபதியா பிள்ளை தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைத்தது. 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதிலும் சமரச அலுவலர்கள் வந்தார்கள். கொலை வழக்கு தனியே போனது. 1973-இல் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரும் நிலக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்புவது கடினம் என்ற பொருளில் அந்தத் தீர்ப்பில் வரும் பகுதியை இன்றுவரை ஊரில் சொல்கிறார்கள். குற்றவியல் நீதிமன்றத்துக்கும் வருவாய் நீதிமன்றத்துக்கும் விதிகள் வேறு. யார் சொன்னால் நம்புவது என்ற பழக்கம் மட்டும் இரண்டுக்கும் பொதுவாக இருந்துவிடுகிறது.

மேல்முறையீட்டுக்கு வருவோம். 1955 சட்டத்தில் வெளியேற்றும் உத்தரவுக்கு மாவட்ட அளவில் மேல்முறையீடு கிடையாது. நேரே உயர் நீதிமன்றத்தில் சீராய்வு மனுதான். முதல் படி வட்டாரத்தில், அடுத்த படி சென்னையில். 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபிறகு இதில் ஒரு விநோதம் சேர்ந்தது. தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்குப் போனது. நாகப்பட்டினமும் திருவாரூரும் சென்னையிலேயே இருந்தன. 1991-இல் நாகை, 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என்று பழைய தஞ்சை மாவட்டம் பிரிந்துகொண்டே வந்ததில், ஒரே ஆற்றின் தண்ணீர் குடிக்கும் இரண்டு பக்கத்து ஊர்க்காரர்களில் கும்பகோணம் பக்கத்தவர் மதுரைக்கும் மயிலாடுதுறை பக்கத்தவர் சென்னைக்கும் வக்கீல் தேடிப் போகிறார்கள். நாலு மா நிலம் குத்தகைக்கு வைத்திருப்பவர், அதாவது ஒன்றேகால் ஏக்கருக்குச் சற்றுக் கூட, அந்தச் செலவைத் தாங்க முடியாது. எனவே முதல் மேசையில் சொன்னதே அவருக்குக் கடைசித் தீர்ப்பு. கோயிலுக்கும் ஆதீனத்துக்கும் பெரும் மிராசுக்கும் அப்படியல்ல.

இங்கிலாந்தில் இதே காலத்தில் ஒரு விவாதம் நடந்தது. டார்செட் பகுதியில் கிரிச்சல் டவுன் என்ற இடத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலத்தைப் பழைய குடும்பத்துக்குத் திருப்பித் தராமல் அதிகாரிகள் இழுத்தடித்தது 1954-இல் பெரிய விவகாரமாகி அமைச்சர் பதவி விலகினார். அதன் தொடர்ச்சியாக அமைந்த பிராங்க்ஸ் குழு, தீர்ப்பாயங்கள் நிர்வாகத்தின் ஒரு கிளை அல்ல, நீதி வழங்கும் அமைப்பு என்று 1957-இல் சொன்னது. வெளிப்படைத்தன்மை, நியாயம், நடுநிலை என்ற மூன்றைக் கேட்டது. நம் கோட்டாட்சியரை அந்த அளவுகோலில் நிறுத்தினால் தோற்றுவிடுவார். காலையில் ஊர்வலத்துக்குத் தடை போடுபவர், மதியம் நில எடுப்பு பார்ப்பவர், மாலையில் குத்தகை வழக்கு விசாரிப்பவர் எல்லாம் ஒருவரே. தனித் துணை ஆட்சியரும் அடுத்த மாறுதலில் அதே வரிசைக்குத் திரும்புபவர்தான். ஆனாலும் பிராங்க்ஸ் குழுவின் அளவுகோல் மட்டும் டெல்டாவுக்குப் போதாது என்று நினைக்கிறேன். எவ்வளவு நடுநிலையான நீதிபதியை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாலும், எதிரே நிற்பவரிடம் ரசீது இல்லை.

மேற்கு வங்காளம் இதை வேறு பக்கத்திலிருந்து பிடித்தது. அங்கே 1977-இல் நிலச் சீர்திருத்தச் சட்டத்தைத் திருத்தி, அடுத்தவர் நிலத்தில் பயிர் செய்பவர் பங்குக் குத்தகைதாரர் என்றே கொள்ளப்படுவார், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று மாற்றினார்கள். அதோடு நிற்கவில்லை. 1978 மே மாதம் ஹூக்ளி மாவட்டத்தின் ஹாலுசாய் என்ற ஊரில் வருவாய் அதிகாரிகள் மூன்று நாள் முகாம் போட்டு, சாகுபடிக்காரர்களிடமே எப்படிப் பதிவு செய்தால் நடக்கும் என்று கேட்டார்கள். ஆபீசுக்குக் கூப்பிடாதீர்கள், மிராசு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்காதீர்கள் என்பது பதிலின் சாரம். பிறகு வந்த ஆபரேஷன் பர்காவில், வேலை முடிந்த மாலை நேரத்தில் உழைப்பாளிகள் வசிக்கும் பகுதியிலேயே கூட்டம், மறுநாள் வயலில் இரு தரப்பையும் வைத்துச் சரிபார்ப்பு, பட்டியலைப் பொதுவில் வைப்பு, சான்றிதழ் என்று போனது. காலப்போக்கில் சுமார் 14 லட்சம் பேர் பதிவாயினர். குறைகள் அங்கும் இருந்தன. பெண்கள் பெயர் அதிகம் ஏறவில்லை. ஆயினும் தமிழ்நாட்டின் 1969 சட்டத்தைவிட அது அதிகம் சாதித்தது, சட்ட வாசகம் மேலானது என்பதால் மட்டுமல்ல. யார் யாரிடம் நடந்து போவது என்பதை அது மாற்றிவிட்டது.

நம்மிடம் மனுநீதி நாள் முகாம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. திருவாரூரின் கன்றுக்குட்டிக் கதையின் பெயரைத் தாங்கி, ஆட்சியரே கிராமத்துக்கு வருகிறார். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், வீட்டுமனை போன்றவை அங்கே உண்மையாகவே நகர்கின்றன. ஆனால் ‘நான்தான் இந்த வயலை இருபது வருஷமாகச் சாகுபடி செய்கிறேன்’ என்ற மனுவுக்கு அங்கே விசாரணை இல்லை. உரிய நடவடிக்கைக்கு என்று எழுதப்பட்டு அது வட்டாட்சியர் மேசைக்கே திரும்புகிறது.

நிலச் சொந்தக்காரர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் இது நியாயமான கட்டுரை ஆகாது. வேலைக்காகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போன குடும்பங்களின் இரண்டு, மூன்று ஏக்கர் பல ஊர்களில் குத்தகைப் பதிவில் இருக்கிறது. குத்தகை வருவதில்லை, நிலத்தை விற்கவும் முடிவதில்லை. பதிவு பெற்றவரே மேல்குத்தகைக்கு விட்டு நகரத்தில் இருக்கும் கதைகளும் உண்டு. கோயில் நிலங்களில் பாக்கிப் பட்டியல் நீளமானது; அந்தப் பாக்கியில் வறட்சியால் கட்ட முடியாதவரும் இருக்கிறார், கட்ட மனமில்லாத செல்வாக்குள்ளவரும் இருக்கிறார். இருவரையும் பிரித்துப் பார்க்கத்தான் அந்த ஒப்புநோக்கும் பிரிவு. பாக்கிப் பட்டியலை மொத்தமாக வைத்து வழக்கு நடத்தும்போது அந்தப் பிரிவு மறைந்துபோகிறது.

இந்த அச்சத்தின் விளைவு இன்றைய டெல்டாவில் வெளிப்படையாகத் தெரிகிறது. பதிவில் ஏறிவிட்டால் நிலம் திரும்பாது என்று பயந்து, சொந்தக்காரர்கள் இப்போது எழுத்தே இல்லாமல் ஒரு போகத்துக்கு, ஒரு வருஷத்துக்கு என்று வாய்ப்பேச்சில் விடுகிறார்கள். எடுப்பவர்களில் நிலமற்ற தலித் குடும்பங்களும் சிறு விவசாயிகளும் அதிகம். விதை, உரம், நடவுக் கூலி, கடன் எல்லாம் இவர்களுடையது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் போட, பயிர்க் காப்பீடு செய்ய, வெள்ள நிவாரணம் வாங்க, கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க, எல்லாவற்றுக்கும் சிட்டாவும் வி.ஏ.ஓ. தரும் அடங்கலும் வேண்டும். சிட்டா சொந்தக்காரர் பெயரில். அடங்கலில் பயிர் செய்பவர் பெயரை எழுத இடம் உண்டு. சொந்தக்காரரின் சம்மதமில்லாமல் எழுதிப் பின்னால் வழக்கில் மாட்டிக்கொள்ள எந்த வி.ஏ.ஓ.வும் விரும்புவதில்லை. 2019-இல் தொடங்கிய ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டமோ நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான். வெறும் குத்தகைதாரர் அதில் விவசாயியே இல்லை.

வருவாய் நீதிமன்றங்களில் நிலுவை எவ்வளவு, தனித் துணை ஆட்சியர் பணியிடம் காலியா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இன்றைய வாய்மொழிக் குத்தகைக்காரர்களில் பெரும்பாலோர் அந்த நீதிமன்றத்தின் நிலுவையில்கூட இல்லை. அவர்களை அங்கே கொண்டுவர, ஒரு போகச் சாகுபடிக்குரிய சான்றையும் நிலத்தின்மீது கோரும் நிலையான உரிமையையும் பிரிப்பதுதான் முதல் வேலை என்பது என் எண்ணம். இந்தச் சான்று நெல் விற்கவும் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் செல்லும், குத்தகைப் பதிவுக்கு ஆதாரமாகாது என்று சட்டத்திலேயே எழுதிவிட்டால், சொந்தக்காரரின் பயம் பெரும்பகுதி போய்விடும். இதில் பழைய சங்கத்தார் ஒப்பமாட்டார்கள் என்று தெரியும். நிலையான உரிமையைக் கரைக்கும் வழி இது என்பார்கள். அவர்கள் அச்சத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உரிமை இன்று எழுத்தில்லாமல் பயிர் செய்பவரிடம் வந்து சேரவில்லை.

இப்போது நில விவரங்களோடு இணைத்து ஒவ்வொரு விவசாயிக்கும் தனி அடையாள எண் கொடுக்கும் வேலை நடக்கிறது. 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை வயலுக்கு அனுப்பிக் கைபேசியில் பயிர்க் கணக்கெடுப்பும் செய்தார்கள். அதாவது, அரசின் ஆள் வரப்பில் நின்று எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் என்று பார்க்கிறார். நட்டது யார் என்பதை எதிரே நாற்றுமுடியோடு நிற்பவரிடமே கேட்டு அதே திரையில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அடையாள எண் பட்டாவில் உள்ள பெயருக்குத்தான் போகிறது.